மிச்சத்தை நீ சொல்லு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? சுண்டெலி நலம்தான் என்று ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. அரை மணி நேரம் அவளே பேசினாள். பெற்றவளுக்கு வாய் திறக்க இடம் கொடுக்கவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் வீட்டில் இருப்பதோ ஒரே அறை. நீ வெறும் 'ம்' கொட்டினாலே விஷயம் என்னவென்று கண்டுபிடித்துவிடும் என் மகளின் காது. அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் பேச வேண்டுமென்றால் தபால்காரரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

போன வாரம் என்ன கேட்டாள் தெரியுமா? "அம்மா, கடவுள் எங்க வேலை பாக்குறாரு? அவருக்கு லீவு உண்டா?" பதில் யோசிப்பதற்குள் வார்டில் மணி அடித்துவிட்டார்கள். தப்பித்தேன்.

ஐந்து வயதில் மனசில் விழுவதுதான் கடைசி வரை நிற்கும். தினமும் சாயங்காலம் அவளுக்கு ஒரு நல்ல கதை சொல், அக்கா. கடவுள் இருக்கிற கதை. பேய், நரகம், எண்ணெய்க் கொப்பரை எல்லாம் வேண்டாம். அப்பா நமக்குச் சொன்ன மாதிரி இருக்கட்டும். அவர் கதைகளில் தொலைந்தவர்கள் எல்லோரும் வீடு வந்து சேர்வார்கள். எனக்குக் கடவுள் மேல் நம்பிக்கை வந்ததே அந்த முடிவுகளால்தான்.

அத்தான் காலமானதிலிருந்து உனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும். சாத்தான் வேதம் ஓதின கதையாக ஆகிவிடக் கூடாதே என்றுதான் கொஞ்சம் பயம். கோபித்துக்கொள்ளாதே. ஜூனில் இந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒப்பந்தம் முடிந்து நான் வரும் வரைக்கும்தானே.

உன் அன்புத் தங்கை


ஜனவரி 29

அன்புத் தங்கைக்கு,

அக்காவின் ஆசிகள். முதுகு வலி சுகமாக இருக்கிறது. என்னை விட்டுப் போகாத சொந்தம் அது ஒன்றுதான். கப்பலில் இருக்கும் உன் வீட்டுக்காரரிடமிருந்து தகவல் வருகிறதா?

சாத்தானுக்கு வேதம் ஓத உத்தரவு கொடுத்ததற்கு நன்றி. பக்கத்து வீட்டு டீச்சரிடம் ஒரு பக்திக் கதைப் புத்தகம் இரவல் வாங்கினேன். முதல் கதையில் கடவுள் கிழவராக வந்து, ஓர் ஏழையின் கடைசிப் பிடி அரிசியைக் கேட்டுச் சோதிக்கிறார். உன் மகள் பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டே, "அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே பெரியம்மா, அப்புறம் எதுக்கு டெஸ்ட் வெக்கிறாரு?" என்றாள். நானும் ரொம்ப வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அது. இரண்டாவது கதையில் பொய் சொன்ன பையனுக்கு நாக்கு அழுகிப் போகிறது. மறுநாள் முழுக்க இவள் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். மூன்றாவதில் கடவுள் ஓர் அப்பாவிடம் பிள்ளையையே கேட்கிறார். புத்தகத்தை டீச்சரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

துணி வாங்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன் இல்லையா, கதையையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். கடவுள் சத்தம் போடாமல் வர வேண்டும். பிள்ளை கேள்வி கேட்டால் கிழியக் கூடாது. அப்படி ஒன்றும் கிடைக்காததால் நானே ஒன்று சொன்னேன். பஞ்ச காலத்தில் ஒரு தாய்ப் பறவை மலைக்கு அந்தப் பக்கம் இரை தேடப் போகிறது. போகும்போது, 'என் குஞ்சைப் பார்த்துக்கொள்' என்று கடவுளிடம் சொல்லிவிட்டுப் போகிறது. கடவுள் பெரிய அவதாரமெல்லாம் எடுக்கவில்லை. ஓர் இலையாக வந்து கூட்டின் மேல் விழுந்து கிடக்கிறார். மழை பெய்கிறது, குஞ்சு நனையவில்லை. அவ்வளவுதான் என் சரக்கு. மிச்சம் அவள் பாடு.

தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சுண்டெலி எனக்குப் பறவைக் கதை சொன்னாள். ஆசையாகக் கேட்டேன். கடைசியில் என்ன சொன்னாள் தெரியுமா? "அந்தப் பறவைக்கு மலைக்கு அந்தப் பக்கம் நல்ல மரம் கெடச்சிடுச்சும்மா. அது திரும்பி வரல. இனிமே இலைதான் குஞ்சுக்கு அம்மா."

"யாரு கண்ணு அப்படிச் சொன்னா?" என்றேன். "பெரியம்மா கதைம்மா" என்றாள்.

அன்றைக்கு ஒரு நோயாளிக்குப் போட எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த நர்ஸைப் போடச் சொன்னேன். நான் இங்கே ஊர் சுற்றவா வந்திருக்கிறேன்? அக்கா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அந்த இலை யார்? யாரை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னாய்? கடவுள் பெயரைச் சொல்லிப் பிள்ளை மனசில் எதை நட்டாலும் அது வேர் பிடித்துவிடும். அது உனக்குத் தெரியாததல்ல.

சுண்டெலிக்குப் பூப்போட்ட துணி அனுப்பியிருக்கிறேன். இரண்டு கவுன் தைத்துவிடு. கீழே ஓரம் மடிக்கும்போது நாலு விரல் துணி உள்ளே விட்டுத் தை. வளர்ந்தாலும் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

தங்கை


மார்ச் 10

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். இருவரும் நலம். சுண்டெலிக்கு முன் பல் ஒன்று ஆடுகிறது.

இலை யார் என்று கேட்டிருக்கிறாய். இலை இலைதான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? என் மடியில் பாபினும் நூல்கண்டும்தான் கிடக்கின்றன.

துணி வந்தது. நல்ல துணி, சாயம் போகாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜூனில் வரப்போகிறவள் எதற்கு நாலு விரல் ஓரம் விடச் சொல்கிறாய்? அதற்குள் இவள் வளரப்போவது அரை விரல். அதன் பிறகு பக்கத்திலேயே இருந்து வேளைக்கு ஒரு கவுனாக வாங்கிப் போடப்போகிறாய். நாலு விரல் விட்டுத் தைக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வெளியூரில் இருக்கிற பெற்றோர்கள்தான். அதுவும் சீக்கிரத்தில் வர முடியாதவர்கள். இத்தனை வருடம் மெஷினை மிதித்ததில் அது மட்டும் எனக்குத் தெரியும்.

ஏதாவது சொல்ல இருந்தால் சொல்லிவிடு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம். அதனால்தான் தாமதம். பல் விழுந்துவிட்டதா?

இத்துடன் ஒரு கதை எழுதி அனுப்புகிறேன். எங்கள் வார்டில் இருக்கும் மூத்த நர்ஸ் ஒருவரிடம் கேட்டு, நானே சரிபார்த்து எழுதியது. ஓர் அம்மா. வீட்டில் விளக்கில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அணையாத விளக்கு ஒன்றைக் கடவுளிடம் கேட்டு வாங்கப் போகிறாள். ஆறு, காடு எல்லாம் தாண்டிப் போகிறாள். கடவுள், 'விளக்கு இதோ, திரி உன் வீட்டில் இருக்கிறது, போய் ஏற்று' என்கிறார். அவள் ஓடி வருகிறாள். குழந்தை வாசலில் நிற்கிறது. விளக்கு எரிகிறது. சுபம்.

இதை எழுதியிருக்கிறபடியே வாசித்துக் காட்டு. ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாகக் கடைசிப் பத்தியை.

ஓரம் பற்றிக் கேட்டிருந்தாய். தையல்காரியிடம் ஒரு துணியைக் கொடுத்தால் ஊர்க் கதையெல்லாம் அளந்துவிடுவாள் போலிருக்கிறது.

தங்கை


ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். பல் விழுந்துவிட்டது. பட்டன் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, உன்னிடம் காட்ட வேண்டுமாம்.

உன் கதையை எழுதியிருந்தபடியே வாசித்தேன். கடைசிப் பத்தியை இரண்டு தரம் வாசித்தேன். கதை முடிந்ததும் சுண்டெலி மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தாள்.

ஓரத்தைப் பற்றி நான் கேட்டேன். நீ என்னைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறாய். போகட்டும். ஜூனில் எந்தத் தேதிக்கு டிக்கெட் என்று மட்டும் எழுது.

அக்கா


மே 5

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று சுண்டெலி விளக்குக் கதை சொன்னாள். "அந்த அம்மாவுக்கு விளக்கு அங்கேயே நல்லா எரிஞ்சுதாம். அதனால அங்கேயே இருந்துட்டாங்க. பாப்பாவுக்கு இருட்டு பழகிடுச்சு." என் கையால் எழுதி அனுப்பின முடிவு, அக்கா! அதையே மாற்றிவிட்டாயா? ஒரு வார்த்தைகூட மாற்றாமல் வாசித்தேன் என்று எழுதுகிறாய், பிள்ளையோ வேறு சொல்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய்.

பறவைக் கதையில் நீ இலை. விளக்குக் கதையில் நீ பக்கத்து வீடு. என் பிள்ளை மனசிலிருந்து என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருக்கிறாய். கடவுள் இல்லை என்கிறவள் கடவுளை வைத்தே இதைச் செய்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தால் உனக்கு இந்த வலி தெரிந்திருக்கும்.

என் நாத்தனாரிடம் பேசிவிட்டேன். பள்ளி விடுமுறை முடிவதற்குள் வந்து சுண்டெலியைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவார். அவள் துணிமணிகளை எடுத்து வை.

தங்கை


மே 17

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். நலம் விசாரிக்கிற மனநிலை எனக்கும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பா பஸ் டிப்போவிலிருந்து வந்து, கையில் இருக்கிற கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிவிட்டு நம்மோடு சாப்பிட உட்காருவாரே, நினைவிருக்கிறதா? சோறு பிசைந்துகொண்டே கதை சொல்லுவார். பாதிக் கதையில் நீ தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிடுவாய். ஒரு நாள்கூடக் கடைசி வரை விழித்திருந்ததில்லை. அதனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

அப்பா எந்தக் கதையையும் முடித்ததே இல்லை. முடிகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "மிச்சத்த நீ சொல்லு" என்பார். "கடவுள் கதைய சொல்றவன் முடிக்கக் கூடாது. கேக்குறவங்க மனசுல என்ன இருக்குன்னு அப்பத்தான் தெரியும்" என்பது அவர் கட்சி. நான் முடிவு சொல்லுவேன். காலையில் நீ எழுந்து, "கதை எப்படிப்பா முடிஞ்சுது?" என்று கேட்பாய். முதல் நாள் நான் சொன்னதை அப்பா உனக்குச் சொல்லுவார். தொலைந்தவர்களையெல்லாம் வீடு கொண்டுவந்து சேர்த்தது நான்தான். உனக்குக் கடவுள் நம்பிக்கை வந்தது அந்த முடிவுகளால் என்று ஜனவரியில் எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழவும் செய்தேன்.

சுண்டெலிக்கும் அப்படித்தான் சொல்கிறேன். குஞ்சு நனையவில்லை என்பதோடு நிறுத்தினேன். பறவை வராது என்று பிப்ரவரியில் முடிவை மாற்றிச் சொன்னது அவள். உன் விளக்குக் கதையை முழுவதுமாக வாசித்தேன், சத்தியம். முடித்ததும், "இது தப்பு. நான் சொல்றேன்" என்று மெஷினுக்கு அடியிலிருந்து சொன்னாள். அன்றைக்குத்தான் ஏன் என்று கேட்டேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்துவிட்டதாக நினைத்து வைக்காமல் விட்டிருக்கிறாய். இவள் காதை எடுக்கவில்லை. "ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "போட்டாச்சு. ஊர்ல இன்னும் சொல்லல" என்று நீ சொல்லியிருக்கிறாய்.

"ரெண்டு வருஷம்னா எத்தன ஞாயித்துக்கெழம பெரியம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

இதை ஏன் முன்பே எழுதவில்லை என்று கேட்பாய். என் மேல் சந்தேகப்பட்டால் உனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் மனுஷி சாப்பிடுவாள், வேலைக்குப் போவாள். உன் பிள்ளையே உன்னை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள் என்று தெரிந்தால் நீ என்ன ஆவாய் என்று எனக்குப் பயமாக இருந்தது. இலை நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன். நீயாகச் சொல்லுவாய் என்று ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்தேன்.

பெறாதவள்தான். ஒத்துக்கொள்கிறேன். கவுன்களில் நாலு விரல் விட்டே தைத்து, மடித்துப் பையில் வைத்துவிட்டேன். உன் நாத்தனார் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் சுண்டெலி எங்கே இருந்தாலும் உன் வாயால் உண்மையைச் சொல்லிவிடு. அவளுக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். ஐந்து வயதுக்கு இது பெரிய மூட்டை.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நாத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பையைப் பிரித்துவிடு.

கையெழுத்துப் போட்டது உண்மை. இன்னும் இரண்டு வருடம் முடித்தால் குழந்தையை இங்கே வரவழைத்துக்கொள்ள அனுமதி கொடுப்பார்கள். அது உறுதியான பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டே பயத்தில் தள்ளிப் போட்டேன். நான் மறைத்துக்கொண்டிருந்ததால்தான் நீயும் எதையோ மறைக்கிறாய் என்று தோன்றிக்கொண்டே இருந்தது போலிருக்கிறது. பெற்றிருந்தால் என்று எழுதினேனே, அந்த வரியை மட்டும் கிழித்துப் போட்டுவிடு அக்கா. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு மாதம் லீவு கிடைத்திருக்கிறது. டிக்கெட் எடுத்துவிட்டேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அவள் பயந்துவிடுவாள். அதனால் இந்தக் கதையை நீ அவளுக்கு வாசித்துக் காட்டு.

ஓர் ஊரில் ஒரு நர்ஸ் இருந்தாள். அவளுக்கு ஒரு சுண்டெலி இருந்தது. சீக்கிரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன் என்று சுண்டெலியிடம் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாள். சொல்லவும் பயம். சுண்டெலிக்கு அது முன்பே தெரியும் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆகஸ்டில் அவள் வருவாள். ஒரு மாதம் இருப்பாள். பிறகு திரும்பவும் போவாள்.

நானும் இங்கே நிறுத்துகிறேன். மிச்சத்தைச் சுண்டெலி சொல்லட்டும். என்ன சொன்னாலும் மாற்றாமல் எழுது.

உன் தங்கை


ஜூன் 27

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். இருவரும் நலம். பையைப் பிரித்துவிட்டேன். வரியையும் கிழித்துவிட்டேன், மற்ற பக்கம் பத்திரமாக இருக்கிறது.

உன் கதையைச் சீருடைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்த சாயங்காலத்தில் வாசித்துக் காட்டினேன். இந்த முறை மெஷினுக்கு அடியில் போகவில்லை. கடைசி வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விசாரணை ஆரம்பமாயிற்று.

"இது கதையா, நெஜமா?"

"நெஜம்."

"அப்ப டிக்கெட்ட போன்ல காட்டச் சொல்லு."

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடு. உன் மகள் என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி. குடும்பச் சொத்து, வீண் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் கதைல கடவுள் எங்க பெரியம்மா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை, உன் அம்மாவிடம் கேள் என்றேன். "அவரும் எங்கயாவது ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாரு" என்றாள். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பல் விழுந்த சந்து தெரியச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

பூப்போட்ட கவுன் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. நான் நினைத்ததைவிட வேகமாக வளர்கிறாள். ஓரத்தைப் பிரித்து ஒரு விரல் இறக்கலாம் என்று கத்தரியை எடுத்தேன். விடவில்லை. "அம்மா வந்து பிரிக்கட்டும்" என்று கவுனை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். தையலை எப்படிப் பிரிப்பது என்று உனக்குத் தெரியாது, வந்ததும் சொல்லித் தருகிறேன்.

கடைசியில் வழக்கம் போல, "சரி, மிச்சத்த நீ சொல்லு" என்றேன். இரண்டு பட்டனை எடுத்து உரசிக்கொண்டே யோசித்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் பட்டன் வைப்பதை நிறுத்திவிட்டேன். நீ கேட்டபடி மாற்றாமல் எழுதுகிறேன்.

"இத நான் முடிக்க மாட்டேன். அம்மா வந்து சொல்லட்டும். பாதில தூங்கிடக் கூடாதுன்னு எழுது."

எழுதிவிட்டேன். தூக்கத்தையெல்லாம் அங்கேயே தூங்கி முடித்துவிட்டு வா.

அக்கா